தையல் விட்ட பலகை

ரொட்டி வேனுக்குள் படுத்துத் தூங்க யாராவது ஆசைப்படுவார்களா? என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அதுவும் தனியாக இல்லை, என்னையும் கூட்டிக்கொண்டு.

அவர் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அதே வேலை. விடிவதற்குள் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சில சமயம் மறுநாள்தான் திரும்புவார். எந்த ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தப் பாலத்தடியில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்பெனியில் எல்லோரும் அவரை 'மேப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். அவருக்குக் காலில் சக்கரம். எனக்குக் காலடியில் தையல் மெஷின். வீட்டின் முன் அறைதான் என் கடை. அவர் ஊர் ஊராகச் சுற்றிய காலமெல்லாம் நான் அந்த அறையில் உட்கார்ந்து அடுத்தவர் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்ததையெல்லாம் சொல்வார். மலைமேல் ஒரு ரோடு இருக்கிறதாம். அதற்கு இரண்டு பக்கமும் ஏரியாம். காலை வெயிலில் அந்த வழியாகப் போனால் வேன் தண்ணீர்மேல் போகிற மாதிரியே இருக்குமாம். "நீ பார்க்கணும்" என்று முடிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வரும்.

"வாயாலயே கூட்டிட்டுப் போனது போதும். வண்டில எப்ப?"

"ரிட்டயர் ஆகட்டும்."

சொன்னபடியே செய்தார். அவர் ரிட்டயர் ஆன சமயத்தில் கம்பெனி பழைய வேன்களைக் கழித்துக்கட்டியது. தான் ஓட்டிய வேனையே கேட்டு வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி ஹாரன் அடித்தார். பின் கதவைத் திறந்ததும் ரொட்டி வாசனை முகத்தில் அடித்தது.

"இதுல படுக்கை போடறோம், அடுப்பு வெக்கறோம், கிளம்பறோம். லாட்ஜ் வேணாம், யார் தயவும் வேணாம். பிடிச்ச எடத்துல நிறுத்தி, கதவத் திறந்து விட்டுட்டுப் படுத்துக்கலாம்."

"கதவத் திறந்து விட்டா கொசு வரும்."

"வலை தைக்கத்தான் நீ இருக்கியே."

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. மெக்கானிக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், ஆனாலும் எங்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஷெட்டில் ஒரு ஓரத்தை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தான். முதலில் ரொட்டித் தட்டு வைக்கும் இரும்புச் சட்டங்களைக் கழற்றினோம். துருவைச் சுரண்டினோம். ஓட்டை விழுந்த இடங்களில் மெக்கானிக் தகடு வைத்துப் பற்றவைத்தான். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டினான். வெயில் இறங்காமலிருக்கத் தகரத்துக்கு உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளைவுட் அடித்தோம்.

அவருக்கு ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம். டிவி வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். கை நீட்டினால் தண்ணீர், கால் நீட்டினால் படுக்கை, அவ்வளவுதான் என்றார். கதவோரம் ஒரு சின்ன மேடை. அதன்மேல் ஒரு அடுப்பு, பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர் கேன், கழுவுகிற தண்ணீர் இறங்க அடியில் இன்னொரு கேன். படுக்கைக்குக் கீழே சாமான் வைக்க இரண்டு பெட்டி. விளக்குக்கும் விசிறிக்கும் தனி பேட்டரி.

"அண்ணே, இவ்வளவு சாமான் வெச்சா அக்காவுக்கு எங்க எடம்?" என்றான் மெக்கானிக்.

"கூரை மேல. காத்தோட்டமா இருக்கும்."

"இறக்கிவிட எனக்கும் தெரியும்" என்றேன் நான். "பாதி வழியில நிறுத்தி, நீங்களே நடந்து வாங்கன்னு சொல்லிடுவேன்." ஓட்டத் தெரியாதவள் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

அந்த நாட்களில் ஒன்றிரண்டு விஷயம் வினோதமாக இருந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே திரிகிறவர், பென்சிலை விட்டுவிட்டார். "உன் சாக்பீஸ்ல கோடு போட்டா பட்டையா இருக்கும்" என்று துணியில் குறி போடுகிற என் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். பிறகு கோடு போடுகிற வேலையையும் என்னிடமே தள்ளினார். கேட்டால் கையெல்லாம் பசை என்பார். இன்னொன்று, என்னைப் பார்க்கிற பார்வை. நேராகப் பார்க்காமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மெத்தைக்கு உறை தைக்கும்போது, டீ ஊற்றும்போது, சும்மா நிற்கும்போதுகூட.

"என்ன இது, பேரன் எடுத்த வயசுல ஓரக்கண் பார்வை?"

"ஏன், பார்க்கக் கூடாதா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் ரோட்டைப் பார்த்த மனுஷன் இப்போதாவது என்னைப் பார்க்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அப்போதெல்லாம் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டுதான் ஷெட்டுக்குப் போனேன்.

படுக்கைக்குப் பலகை போடும் நாள் வந்தது. அது வேனின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை இறுக்கமாக உட்கார வேண்டும். நான்தான் அளந்தேன். "அம்பத்தாறு இஞ்ச்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பிளைவுட் மேல் சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போட்டேன். அவர் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தக் கோட்டோடு அறுக்கிற மெஷினை ஓட்டினார். பலகையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனால் அது போக மாட்டேன் என்றது. சாய்த்தோம், தட்டினோம், மெக்கானிக் வந்து தோளால் முட்டினான். அசையவில்லை.

எனக்குப் பொறி தட்டியது. தைக்கிறவர்களுக்கு இது தெரியும். துணியை உடம்பு அளவுக்கே வெட்டினால் சட்டை பத்தாது. மடித்துத் தைக்கிற இடத்துக்காக ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு இஞ்ச் கூடுதலாக விட்டுத்தான் வெட்ட வேண்டும். அதற்குத் தையல் விடுவது என்று பெயர். நான் யோசித்து விடுவதில்லை, கை தானாக விடும். பலகைக்கும் விட்டிருக்கிறது.

"தையல் விட்டுட்டேன்" என்றேன்.

மெக்கானிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேனுக்குச் சட்டையா தைக்கற? பட்டன் எந்தப் பக்கம் வெக்கப் போற?" எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று பேரும் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

சிரித்து முடித்து மெக்கானிக் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா விட்டது சரி. நீங்க எப்படிண்ணே விட்டீங்க? நான் வெட்டினதையே ரெண்டு தடவ அளந்து பார்ப்பீங்களே" என்றான்.

உண்மைதான். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் அவர். கடையில் வாங்கிய ஆணியைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "குடு, நானே அளக்கறேன்" என்று என் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். ஒரு நுனியை என்னிடம் கொடுத்து சுவரோடு பிடிக்கச் சொன்னார். மறு நுனியை எதிர்ச் சுவரில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, குனிந்து பார்த்தார்.

"அம்பத்தாறு. பார்த்துக்கோ, அம்பத்தாறுதான்."

அந்த டேப் எப்போதும் என் கழுத்திலேயே கிடப்பது. இஞ்ச் பக்கம் வெளியே இருக்கும், சென்டிமீட்டர் பக்கம் கழுத்தோடு ஒட்டியிருக்கும். வியர்வை பட்டுப் பட்டு அந்தப் பக்கத்தில் எண்ணெல்லாம் அழிந்து, வெறும் வெள்ளை நாடாவாகிவிட்டது. அவர் கையில் அந்த வெள்ளைப் பக்கம்தான் மேலே இருந்தது. ஒரு எண்கூட இல்லாத துணியைப் பார்த்து அவர் அம்பத்தாறு என்று படித்தார்.

"எங்க, இன்னொரு தடவ படிங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"அதான் சொன்னேனே, அம்பத்தாறு!"

மெக்கானிக் பக்கத்தில் நின்றான். "சரி" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டேன். அவன் டீ வாங்கப் போனதும் அவர் எதிரே மூன்று விரலை நீட்டினேன்.

"இது எத்தன?"

"என்ன வெளாட்டு இது, சின்னப் புள்ளையாட்டம்."

"எத்தனங்க?"

அவர் முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். அதே ஓரக்கண் பார்வை. "மூணு" என்றார். பிறகு சக்கரத்துக்கு மேல் மேடாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வேலையில் இருக்கும்போதே ஆரம்பித்ததாம். கண்ணுக்கு நடுவில் ஒரு கறை. எதைப் பார்க்கிறாரோ அதன்மேல் அது வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். ஓரம் மட்டும் தெரியுமாம். எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போயிருக்கிறார். போனது போனதுதான், மீதியும் போகும், எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை மனுஷன்.

"எம் மொகம்?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

"நேரா பார்த்தா காது தெரியுது, முடி தெரியுது. மொகம் இருக்கற எடத்துல ஒண்ணும் இல்ல. தள்ளிப் பார்த்தா கொஞ்சம் வர்ற."

தலை வாரிக்கொண்டு போனேனே, அதை நினைத்தேன். அவரை அடிக்கலாம் என்று கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மிச்சம் கிடந்த தெர்மோகோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இந்த வண்டிய எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?"

"தெரிஞ்ச ரோடுதானே."

வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறது, சந்தை இருக்கிறது.

"முழுசா போறதுக்குள்ள அந்த ஏரிய உனக்குக் காட்டிடணும்" என்றார். "அதுக்குத்தான் இந்த அவசரம். யார்கிட்டயும் சொல்லாத. மேப்புக்குக் கண்ணு போச்சுன்னு எவனும் பேசக் கூடாது. பேசினா எனக்குத் தாங்காது."

அடுத்த வாரம் நானும் கூடப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஓட்டவே கூடாது, சைக்கிள்கூடக் கூடாது என்று அந்த அம்மா அழுத்திச் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து படி இறங்கியதும், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. பகலில் மட்டும் ஓட்டுகிறேன், மெதுவாக ஓட்டுகிறேன், கூட்டமில்லாத ரோடாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் சாவியை எடுத்து மேஜை டிராயரில் பூட்டினேன். வாடகைக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"டிரைவர் எங்க படுப்பான்? நமக்கு நடுவுலயா?"

சிரிக்கிற மாதிரி சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. தான் ஓட்டிய வண்டியில் இன்னொருவன் ஸ்டியரிங் பிடிக்க, பின்னால் மூட்டையாட்டம் கிடக்க முடியாது என்றார். வெளியூரிலிருக்கும் மகளிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் அழுதாள். அழுதுவிட்டு, பஸ்ஸில் போய் வாருங்களேன் என்றாள். அவர் போனை வாங்கி, "பஸ்ல போனா உங்கம்மா எல்லாத்தையும் பார்ப்பா. நான் பக்கத்துல உக்காந்து எதம்மா பார்க்கறது? ஓட்டினாதான் எனக்கு ரோடு தெரியும், கையில தெரியும்" என்றார்.

ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவர் ஒரேயடியாக உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன். கண் பற்றி எதுவும் சொல்லாமல் தினமும் ஷெட்டுக்குப் போனோம். பலகையைச் சரியான அளவுக்கு அறுத்தோம். இந்தத் தடவை மெஷினை மெக்கானிக் கையில் கொடுக்க வைத்தேன், கை வலி என்று அவர் சொல்லிக்கொண்டார். நான் மெத்தைக்குக் கெட்டித் துணியில் உறை தைத்தேன். ஜன்னலுக்குத் திரை, பின் கதவுக்குக் கொசுவலை, செருப்பு வைக்கப் பை, டார்ச் லைட் தொங்கவிட ஒரு பட்டி. எல்லாவற்றுக்கும் தையல் விட்டேன், துணிதானே. திருகு முடுக்குவது, கீல் வைப்பது எல்லாம் அவர். விரலால் தடவித் தடவியே வைத்தார். ஒரு கதவுகூடக் கோணலில்லை.

முடிந்த அன்று மத்தியானம் இரண்டு பேரும் உள்ளே படுத்துப் பார்த்தோம். அவருக்குக் கால் முட்டவில்லை. எனக்கு முதுகுக்கு இதமாக இருந்தது. பின் கதவு திறந்திருந்தது. அதற்கு நேரே மெக்கானிக் குவித்து வைத்திருந்த பழைய டயர்கள்.

"ஏரி எப்படி இருக்கு?" என்றார்.

"கறுப்பா இருக்கு."

சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை. எப்படியாவது இந்த வண்டியில் நாங்கள் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவர் ஆசை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என்னுடைய ஆசையாகவும் ஆகியிருந்தது.

எழுந்ததும் சொன்னேன். "நான் கத்துக்கறேன். நீங்க சொல்லிக் குடுங்க. நான் ஓட்டறேன், நீங்க முன் சீட்டுல உக்காந்து வழி சொல்லுங்க."

கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். செய்யவில்லை. முகத்தைத் திருப்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மெஷின் மிதிச்ச கால்தானே. வரும்" என்றார்.

ஷெட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம். லீவு நாளில் காலியாக இருக்கும். மெக்கானிக்தான் வேனைக் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தான். அக்கா ஓட்டப் போறாங்களா என்று வாயைப் பிளந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. கல்லெல்லாம் கிடக்கு, ஓரமா எடுத்துப் போடறேன் என்று முன்னால் நடந்தான்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கிளட்ச் எது, பிரேக் எது என்று பொறுமையாகச் சொன்னார். வண்டி நகர்ந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

"அவ்வளவுதான். அப்படியே நேரா விடு. இன்னும் கொஞ்சம் மிதி. முன்னாடி காலிதான்."

காலியில்லை. எங்களுக்கு நேரே மெக்கானிக் முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஆள்!" என்று கத்தினேன்.

"எங்க? யாரும் இல்ல. பயப்படாத, போ."

"இருக்கான்ங்க!"

"நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன். போ!"

அவர் குரலில் அவ்வளவு நிச்சயம். ஒரு நொடி நான் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, நின்றது. மெக்கானிக் திரும்பி, இரண்டு கையையும் முன் தகரத்தின்மேல் ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் இடமே இல்லை.

"மேப்பண்ணே!" என்று அலறினான். "கண்ணு தெரியலயா?"

யாரும் யாரையும் திட்டும்போது சொல்கிற வார்த்தைதான். அவன் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

அவர் இறங்கினார். வண்டியைத் தொட்டுக்கொண்டே முன்னால் போனார். மெக்கானிக்கின் கை தட்டுப்பட்டது. அதிலிருந்து தடவி அவன் தோளைப் பிடித்தார்.

"நீ இங்கயா நின்ன?"

"இங்கதான் நின்னேன். வேற எங்க?"

"நேரா?"

"நேராதாண்ணே!"

அவர் அவன் தோளை விடாமல் அப்படியே நின்றார். நான் இறங்கிப் போய், வெயில்ல தலை சுத்துது போல என்று ஏதோ சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டீ கேட்டார். கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"வித்துடு" என்றார்.

"நான் நல்லா கத்துக்கறேன். டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கறேன்."

"நீ கத்துக்குவ. நான் பக்கத்துல வாய மூடிட்டு இருக்க மாட்டேன். போன்னுவேன். இன்னிக்கு ஒரு நிமிஷம் நீயும் நம்பின. எனக்குத் தெரிஞ்சது, வண்டி வேகம் கூடிச்சு." டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "அவனுக்கு மூணு புள்ளைங்க."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. சேர்ந்து அழுதோம். அவர் அழுது நான் பார்த்ததில்லை, மகளை அனுப்பி வைத்த அன்றுகூட அழாதவர்.

விற்கிறோம் என்று தெரிந்ததும் மெக்கானிக்தான் ஆளைக் கூட்டி வந்தான். புதிதாகக் கல்யாணமான ஜோடி. இரண்டு பேரும் ஆபீஸ் வேலை, லீவு கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவார்களாம். அந்தப் பெண் உள்ளே ஏறியதும் ஐயோ, ஐயோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் கூடவே ஏறி எல்லாவற்றையும் விளக்கினார். தண்ணீர் கேனை எப்படிக் கழற்றுவது, பேட்டரியை எப்போது சார்ஜ் போடுவது, மழையில் ஜன்னலை எந்த அளவு திறக்கலாம். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. மலைமேல் ஏரி ரோட்டுக்குக் கட்டாயம் போங்கள், காலையில் போங்கள் என்று வழியும் சொன்னார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பையன் போனில் பதிந்துகொண்டான். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வழியெல்லாம் எனக்கு என்று வைத்திருந்தது.

பேச்சு முடிந்தது. அந்தப் பெண் மெத்தை உறையைத் தடவியபடி, "எல்லாமே புதுசா இருக்கே அங்கிள். ஒரு தடவகூட நீங்க போகலியா? ஏன் விக்கறீங்க?" என்று கேட்டாள்.

மெக்கானிக்கும் அவரையே பார்த்தான். அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். அவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இவளுக்கு வண்டி ஒத்துக்காதும்மா" என்றார். "ஏறினாலே தலை சுத்தல், வாந்தி. பண்ணி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது. அன்னிக்கு மைதானத்துலகூட இவளுக்கு முடியாமப் போய்தான் வண்டி தாறுமாறா போச்சு. அவளப் போட்டுப் படுத்த வேணாம்னுதான்."

நான் வண்டியில் வாந்தி எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. என்மேல் ஒரு சொல் வந்து நான் சும்மா இருந்ததும் கிடையாது. அது தெருவுக்கே தெரியும், மெக்கானிக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். அந்தக் கையின் நரம்பு புடைத்திருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "எனக்குத்தான் ஒத்துக்கல."

அவர் கை தளர்ந்தது. மெக்கானிக், "அட, சொல்லவே இல்லியே அக்கா" என்றான். அந்தப் பையன் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் போய் ஏறினான்.

அந்தப் பெண் மட்டும் என் பக்கத்தில் வந்தாள். நல்ல பெண்தான். குரலைத் தணித்துக்கொண்டு, கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னாள்.

"மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு தடவையாவது போயிருக்கலாமே ஆன்ட்டி. எவ்வளவு ஆசையா பண்ணியிருக்காரு."

"போயிருக்கலாம்மா" என்றேன். "போயிருக்கலாம்."